கீழ் அறை காலியில்லை

மூன்றாவது மாடி என்று எங்களிடம் யாரும் சொல்லவில்லை. என் கணவருக்கு இருதய அறுவை சிகிச்சை ஆகியிருக்கிறது, படியேறக் கூடாது, கீழ்த்தளத்து அறைதான் வேண்டும் என்று மலேசியாவிலிருந்து புறப்படும் முன்பே தொலைபேசியில் சொல்லியிருந்தேன். "கவலையே படாதீங்கக்கா, நம்ம வீடு மாதிரி" என்று பதில் வந்தது. அப்போதே நான் கவலைப்பட்டிருக்க வேண்டும். எங்கள் ஊரான தைப்பிங்கில் மூன்று அறைகள் கொண்ட சின்ன விருந்தினர் விடுதி ஒன்றை நானும் நடத்துகிறேன். 'நம்ம வீடு மாதிரி' என்ற வார்த்தையை ஒரு விடுதிக்காரி எப்போது எடுத்து விடுவாள் என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

சிகிச்சை முடிந்து கண் விழித்த அன்றே திருவண்ணாமலைக்குப் போக வேண்டும் என்றார் என் கணவர் சேகர். அதற்கு முன்பு அவர் அந்த ஊரின் பெயரைச் சொல்லியே நான் கேட்டதில்லை. தமிழ்ப்பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், எதையும் கேட்டு அடம்பிடிக்காத மனிதர். ஆகவே மறுக்க முடியவில்லை. டாக்டரும் தலையாட்டினார், மாத்திரைகளை ஒரு வேளைகூடத் தவறவிடக் கூடாது என்ற நிபந்தனையோடு.

செங்கம் சாலையிலிருந்து பிரிகிற சந்தின் வாயிலேயே ஆட்டோ நின்றுவிட்டது. சந்து முழுக்கத் தோண்டிப் போட்டிருந்தார்கள்.

"இதுக்கு மேல போவாதுங்க. பைப்பு போடறாங்க" என்றார் ஆட்டோக்காரர்.

"எப்போது முடியும்?"

"போன வருஷமே முடியணுங்க."

மண்மேட்டின் மேல் எங்கள் பெட்டிகளின் சக்கரங்கள் சுழல மறுத்தன. அதற்குள் எதிரே ஓடிவந்த ஒருவர் பெரிய பெட்டியைத் தோளிலும் சின்னதைக் கையிலும் தூக்கிக்கொண்டார். அவர்தான் தயாளன், விடுதியின் சொந்தக்காரர். நாற்பது வயதுக்குள் இருக்கும். கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் நெல்லும் வேர்க்கடலையும் போடுகிற குடும்பம். இவர் மட்டும் டவுனுக்கு வந்து இந்த மூன்று மாடிக் கட்டடத்தை எழுப்பியிருக்கிறார். முகம் முழுக்கச் சிரிப்பு. அந்தச் சிரிப்போடு நேராகப் படியில் ஏற ஆரம்பித்தார்.

"கீழ் அறை என்றுதானே பேச்சு?"

"இருக்குதுக்கா, இல்லாம இல்ல. அதுல மரியான் மேடம் இருக்காங்க. ஃப்ரான்ஸ்காரங்க. மூணு மாசமா தங்கறாங்க."

"சரி, அவரிடம் விஷயத்தைச் சொல்லி அறையை மாற்றிக்கொள்ள முடியுமா என்று கேட்கலாமே. நானே கேட்கிறேன்."

தயாளன் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அவங்க மௌனத்துல இருக்காங்கக்கா. மௌனத்துல இருக்கறவங்ககிட்ட எப்படிக் கேக்கறது?"

"அவர் பேச வேண்டாமே. தலையாட்டினால் போதுமே."

"தப்பாயிடுங்க. தவம் கலைஞ்சிடும்."

லிஃப்ட் இல்லையா என்றேன். உண்டு என்றார். காட்டவும் செய்தார். லிஃப்டுக்காக விட்ட குழியில் காலி கேஸ் சிலிண்டர்களும் சுருட்டிய பாய்களும் ஒரு பழைய சைக்கிளும் இருந்தன. லிஃப்ட் மட்டும் இன்னும் வரவில்லை.

"விடு புஷ்பா, மெதுவா ஏறிக்கலாம்" என்றார் என் கணவர். நான் விடவில்லை. ஒவ்வொரு தளத்திலும் படி திரும்புகிற இடத்தில் அவர் உட்கார ஒரு நாற்காலி போட்டாக வேண்டும் என்றேன். சொல்லி வாய் மூடுவதற்குள் மூன்று நாற்காலிகள் வந்துவிட்டன. அந்த விடுதியில் கேட்டவுடன் நடந்த காரியம் அது ஒன்றுதான்.

அறை சுத்தமாகத்தான் இருந்தது. துண்டை அன்னப் பறவையாக மடித்துக் கட்டில் நடுவே உட்கார வைத்திருந்தார்கள். பிரித்தால் அன்னத்தின் வயிற்றில் ஓட்டை. ஜன்னலில் மலை தெரிந்ததாம், கணவர் சொன்னார். நான் ஜன்னலில் பார்த்தது குரங்கு வராமலிருக்க அடித்த வலையை. ஒரு மூலையில் ஆணி கழன்று வலை காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. வெளியே கைப்பிடிச் சுவரில் இரண்டு குரங்குகள் உட்கார்ந்து, எங்கள் பெட்டிகளை நாங்கள் எப்படித் திறக்கிறோம் என்று கவனித்துக்கொண்டிருந்தன.

தயாளனைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"நாளைக்குக் கார்பென்டர் வந்துடுவான்கா."

அவர் போனதும், அறையைக் கூட்ட வந்த லோகா என்ற பெண்மணி துடைப்பத்தை ஊன்றியபடி சொன்னாள்: "நானும் இங்க வேலைக்கு வந்ததுல இருந்து அந்தக் கார்பென்டரப் பத்திக் கேக்கறேங்க. ஆளத்தான் பார்த்ததில்ல."

மறுநாள் காலை வெந்நீர் வரவில்லை. குளியலறையில் ஹீட்டர் இருந்தது, அதற்கான சுவிட்ச்தான் எங்கும் இல்லை. தலையில் எண்ணெயோடு படி இறங்கிப் போய்க் கேட்டேன்.

"உங்க ஹீட்டர் சுவிட்ச் எதிர் ரூம்ல இருக்குதுக்கா. ஒயரிங் பண்றப்ப மாறிடுச்சு. அவங்க கதவத் தட்டினா போட்டு விடுவாங்க."

எதிர் அறையில் ஹைதராபாத்திலிருந்து வந்த வயதான தம்பதி. விடியற்காலையில் கதவைத் தட்டி, முன்பின் தெரியாதவர்களிடம் சைகையில் வெந்நீர் கேட்கிற நிலைமை எனக்கு. அந்த அம்மாள் உள்ளே கணவரிடம் தெலுங்கில் சொன்னது அரைகுறையாகப் புரிந்தது: "இவர்களுக்கு நாம் சுவிட்ச் போட வேண்டுமாம். நமக்கு யார் போட்டுவிடுகிறார்கள் என்று கேளுங்கள்." அவர்களுடைய சுவிட்ச் இரண்டாம் மாடியில் இருந்ததாம்.

எனக்கு வந்த எரிச்சலில் என் கணவர் பங்கு கொள்ளவில்லை. அன்று மாலைக்குள் அந்த ஹைதராபாத்காரரும் அவரும் நண்பர்களாகிவிட்டார்கள். படிக்கட்டு நாற்காலிகளில் ஒவ்வொன்றாக உட்கார்ந்து எழுந்து, ஏறி இறங்குகிற எல்லாரையும் அவர் விசாரித்தார். லோகாவின் மகள் நர்சிங் படிக்கிறாள், தயாளனுக்கு முதுகுவலி, இரண்டாம் மாடிக்காரர் இரண்டு தடவை கிரிவலம் போய்விட்டார் என்றெல்லாம் அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அன்று காலைப் பசியாறுவதற்குத் தயாளன் பிரெட்டும் கார்ன்ஃப்ளேக்ஸும் தட்டில் வைத்துக்கொண்டு வந்தார். "ஃபாரின்ல இருந்து வந்திருக்கீங்க, ஸ்பெஷலா சொல்லி வாங்கினேன்." நாங்கள் தோசை தின்று வளர்ந்தவர்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். கணவர் அதற்குள் ஒரு கிண்ணம் எடுத்துக்கொண்டார், தயாளன் மனம் நோகக் கூடாதாம். பிறகு சந்து முனையில் இருந்த மெஸ்ஸில் இட்லியும் வடகறியுமாக இன்னொரு முறை பசியாறினோம். அந்த வடகறிக்காக மட்டும் நான் இந்த ஊரை மன்னிக்கலாம். ஆனால் காப்பியை எங்கள் ஊரில் குவளை நிறையக் குடித்துப் பழகியவள் நான், இவர்கள் தருவது நாக்கை நனைக்கத்தான் போதும். மூன்று வாங்கிக் குடித்தேன். மெஸ்காரர் மூன்றாவதைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "மிச்ச ரெண்டு பேரு எங்கங்க?" என்று வாசலைப் பார்த்தார்.

வலைக்கு அன்றும் ஆள் வரவில்லை. நான் நினைவுபடுத்தினேன். "பௌர்ணமி வருதுக்கா, கூட்டம் ஜாஸ்தி, ஆளு கம்மி. முடிஞ்சதும் மொத வேல அதான்."

பௌர்ணமியன்று காலையிலேயே செங்கம் சாலையில் வண்டிகளை நிறுத்திவிட்டார்கள். வெறுங்காலோடு ஜனங்கள் போய்க்கொண்டே இருந்தார்கள். கணவர் அவர்களோடு சேர்ந்து நடக்க வேண்டும் என்றார். முடியாது, கூட்டம் வடிந்ததும் மறுநாள் ஆட்டோவில் சுற்றலாம் என்றேன். கொஞ்சம் முகம் வாடினாலும் ஒத்துக்கொண்டார். இட்லி சாப்பிட்டுவிட்டு, நாற்காலி நாற்காலியாக இளைப்பாறி மேலே வந்து கதவைத் திறந்தோம்.

தலையணைகள் தரையில் கிடந்தன. வாழைப்பழத் தோல் கட்டிலில். கட்டிலருகே வைத்திருந்த நீலப் பை இல்லை. அதில்தான் அவருடைய மாத்திரைகள் அனைத்தும் இருந்தன. ஜன்னல் வலை மூலையோடு கிழிந்து தொங்கியது.

ரத்தம் உறையாமல் காக்கிற மாத்திரை அதில் இருக்கிறது, காலை வேளைக்கு இன்னும் போடவில்லை. ஜன்னலிலிருந்து கத்தினேன். "தயாளன்!" என்று கத்தினேனா, "ஐயோ!" என்று கத்தினேனா தெரியாது. கீழே யாரோ கதவைத் திறக்கிற சத்தம் கேட்டது. பிறகு படியில் வேகமான காலடிகள்.

வந்தது தயாளன் இல்லை. வெள்ளைப் புடவையைத் தாறுமாறாகச் சுற்றிய, நரைத்த குட்டை முடி வைத்த ஐரோப்பியப் பெண். கையில் காலியாகிப்போன எங்கள் நீலப் பையும், பல் பதிந்த மாத்திரை அட்டை ஒன்றும். மூச்சு வாங்கியபடி நின்று, துருப்பிடித்த குரலில் ஆங்கிலத்தில் கேட்டார்: "இதைக் குரங்கு தின்றுவிட்டது. அதற்கு ஏதாவது ஆகிவிடுமா?"

பின்னாலேயே வந்த லோகா வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயையோ, பேசிட்டாங்க!"

மூன்று மாத மௌனத்தை அந்த அம்மாள் குரங்குக்காகக் கலைத்திருந்தார். நான் இருந்த நிலையில் அதைப் பாராட்டத் தோன்றவில்லை. "குரங்கைப் பற்றி எனக்குத் தெரியாது. இந்த மாத்திரை இல்லாவிட்டால் என் கணவருக்கு ஆகிவிடும்" என்றேன்.

மரியான் அப்போதுதான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தார். "இருதய நோயாளியா? இவரை ஏன் மூன்றாம் மாடியில் வைத்திருக்கிறீர்கள்?"

என்னையே கேட்டார்! "ஏனென்றால் கீழ் அறையில் நீங்கள் இருக்கிறீர்கள்."

"என்னிடம் யாரும் கேட்கவில்லையே" என்றார். "வந்த நாளிலிருந்து மேல் அறைதான் வேண்டும் என்று எனக்கு ஆசை. இங்கிருந்து மலை தெரியும். எனக்குத் தெரிவது ஜெனரேட்டர். சொல்லலாம் என்று நினைப்பதற்குள் மௌனத்தைத் தொடங்கிவிட்டேன்."

என் கணவர் சிரிக்க ஆரம்பித்தார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், நான் பதறும் அளவுக்கு.

தயாளன் வந்து சேர்ந்தபோது மரியான் பேசிக்கொண்டிருப்பதைக் கண்டு வாசற்படியிலேயே நின்றுவிட்டார். மாத்திரை விஷயத்தைச் சொன்னதும் சிரிப்பு போய் அவர் முகமே மாறிற்று. எங்கள் மகளைத் தொலைபேசியில் பிடித்தேன். அவள் அங்கே மலேசியாவில், ஈப்போவிலிருந்து மாத்திரைகளின் பெயர்களை எழுத்துக்கூட்டிச் சொல்ல, தயாளன் வாங்கிக்கொண்டு ஓடினார். சந்து முனை மருந்துக்கடையில் ஒன்றைத் தவிர எல்லாம் கிடைத்தன. கிடைக்காதது அந்த ரத்த மாத்திரைதான். டவுனுக்குள் போனால்தான் உண்டு. பைக் போகாது, ஆட்டோ கிடையாது.

"நடந்து போயிட்டு வந்துடறேன்கா" என்றார்.

மாடியிலிருந்து பார்த்தேன். ஊரே ஒரு பக்கமாக நடந்துகொண்டிருக்க, இவர் மட்டும் எதிர்ப்பக்கமாகத் தோளால் இடித்துக்கொண்டு போனார். கொஞ்ச தூரத்தில் தலை மறைந்துவிட்டது.

அவர் வரும்வரை அறை மாற்றும் வேலையைப் பார்த்தோம். மரியான் தன் சாமான்களைத் தானே மேலே கொண்டுவந்தார், லோகா எங்கள் பெட்டிகளைக் கீழே இறக்கினாள். கணவர் கடைசி முறையாக ஒவ்வொரு நாற்காலியிலும் உட்கார்ந்து இறங்கினார். "இப்ப நெஞ்சு ஏதாவது செய்யுதா?" என்று நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். "நீ கேக்கறப்பதான் செய்யுது" என்றார்.

வெயில் உச்சி தாண்டிய பிறகு தயாளன் வந்தார். சட்டை பிழிந்தெடுத்தது போல ஈரம். ஒரு காலில் செருப்பு இல்லை, கூட்டத்தில் போய்விட்டதாம். மருந்துப் பொட்டலத்தை என் கையில் வைத்தார். இன்னொரு கையில் ஒரு பிளாஸ்டிக் பை. "வர்ற வழியில மோர் குடுத்தாங்க. சாருக்கு வாங்கியாந்தேன்."

கும்பிட்டேன். வேறென்ன செய்ய? கணவர் மாத்திரையைப் போட்டு மோரைக் குடித்து முடிக்கும் வரை தயாளன் அங்கேயே நின்றார். எல்லாம் அடங்கியதும், மேலே மரியான் இருக்கிறாரே என்ற நினைப்பில் கேட்டேன்: "தயாளன், அந்த வலை?"

பழைய சிரிப்பு திரும்ப வந்தது. "நாளைக்குக்கா."

மாத்திரைக்காக அந்தக் கூட்டத்தை எதிர்த்து நடந்த மனிதர் ஓர் ஆணி அடிக்க மாட்டார்! திட்டவும் முடியவில்லை, அதுதான் தாங்கவில்லை. ஒழுங்காகத் திட்டுவதற்காவது ஒரு விருந்தினருக்கு உரிமை வேண்டாமா?

கீழ் அறையின் சுவருக்கு அந்தப் பக்கம்தான் தயாளனின் ஆபீஸ். மாலை முழுவதும் அவர் குரல் கேட்டது. "வந்துடும் சார்." "பார்த்துட்டேன் மேடம், ஆள் வந்துட்டே இருக்கான்." "உங்களுக்கு இல்லாததா?" இதே வார்த்தைகளை மலாயிலும் ஆங்கிலத்திலும் நான் தினமும் சொல்கிறேன். தைப்பிங்கில் எங்கள் இரண்டாவது அறைக் குழாய் சொட்டுகிறது என்று விருந்தினர் வந்து சொன்னால், ஒரு தட்டில் உருளைக்கிழங்கு மசாலா வைத்த கறிபாப் சுடச்சுடப் பொரித்துக்கொண்டு போய் வைப்பேன். அவர்கள் நன்றி சொல்லிச் சாப்பிடுவார்கள். நான் நல்லவள் என்ற நிறைவோடு கீழே வருவேன். குழாய் சொட்டிக்கொண்டிருக்கும். படுத்துக்கொண்டு அந்தச் சொட்டுச் சத்தத்தைக் கேட்பது எப்படி இருக்கும் என்று நான் ஒரு நாளும் யோசித்ததில்லை.

மறுநாள் காலை லோகாவிடம் சுத்தியல் கேட்டேன். சிலிண்டர்களுக்குப் பின்னாலிருந்து ஒன்றைத் தேடி எடுத்தாள், ஆணிகளும் கிடைத்தன. மேலே போனேன். மரியான் ஸ்டூலைப் பிடித்துக்கொள்ள, லோகா வலையை இழுத்துப் பிடிக்க, நான் அடித்தேன். முதல் ஆணி வளைந்தது. இரண்டாவது என் விரலைப் பதம் பார்த்தது. மூன்றாவது இறங்கிற்று. சத்தம் கேட்டுத் தயாளன் ஓடிவந்தார்.

"அக்கா, என்னக்கா இது! நீங்க கெஸ்ட்டு. நீங்க செய்யலாமா? எனக்கு அசிங்கமா இருக்காதா?"

உண்மையிலேயே அவருக்கு வலித்திருந்தது. கண் கலங்கியிருந்ததோ என்றுகூடத் தோன்றிற்று.

"கெஸ்ட் என்பதால்தான் செய்கிறேன், தயாளன். ஓனராக இருந்திருந்தால் நானும் நாளைக்கு என்றுதான் சொல்லியிருப்பேன்."

அவர் என் கையிலிருந்து சுத்தியலை வாங்கி, மிச்ச ஆணிகளை அடித்தார். நன்றாகவே அடித்தார். மூன்று அடிக்கு ஓர் ஆணி. அந்த வேலை முடிய ஒரு டீ குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளத் தோன்றுகிறது.

வெயில் தணிந்ததும் ஆட்டோவில் மலையைச் சுற்றக் கிளம்பினோம். வழியெல்லாம் முந்தின நாள் கூட்டத்தின் மிச்சம்: தொன்னைகள், தண்ணீர் பாட்டில்கள், ஒற்றைச் செருப்புகள். ஆட்டோவின் இருக்கை கிழிந்து கம்பி குத்தியது. ஓட்டுநர் தன் மைத்துனரோடு தொலைபேசியில் ஒரு நிலத் தகராறைப் பேசிக்கொண்டே ஒற்றைக் கையால் ஓட்டினார். அடி அண்ணாமலை தாண்டிய இடத்தில் என் கணவர் வண்டியை நிறுத்தச் சொன்னார். கொஞ்சம் நடக்கிறேன் என்றார். ஓட்டுநர் முன்னே போய்க் காத்திருப்பதாகச் சொல்லிவிட்டு, பேச்சை விடாமல் போனார்.

செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு அவர் நடந்தார். நான் பின்னால் தண்ணீரும் மாத்திரையும் குடையுமாக நடந்தேன். தார் இன்னும் சுட்டது, அதைச் சொன்னேன். ஓரமாக நடங்க, கண்ணாடித் துண்டு கிடக்கு என்றேன். திடீரென்று அவர் நின்றார்.

"என்னங்க, மூச்சு வாங்குதா?"

"இல்ல. பாக்கறேன்."

வலப்பக்கம் மலை நின்றது. அறுத்த கடலைக் காட்டுக்கு அப்பால், இத்தனை நாளும் எங்கள் தலைக்கு மேலேயே இருந்த அதே மலை. இந்தப் பக்கத்திலிருந்து அது வேறு மாதிரி இருந்தது, உட்கார்ந்திருப்பவர் திரும்பிப் பார்ப்பது போல. உச்சியில் வெயில் இருந்தது, கீழே இல்லை.

"ஆப்ரேஷனுக்கு முன்னாடி மயக்க மருந்து குடுத்தாங்களே, அப்ப இதுதான் தெரிஞ்சுச்சு" என்றார். "முன்ன பின்ன பார்த்ததில்ல. ஆனா இதுதான். உன்கிட்ட சொன்னா நீ பயப்படுவியேன்னு சொல்லல."

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். வெகுநேரம் நின்றோம். அவர் என் பக்கம் திரும்பினார், கண்ணில் குறும்பு.

"சொல்லு, இதுல என்ன குறை?"

தேடிப் பார்த்தேன். அடியிலிருந்து உச்சி வரை, விடுதிக்காரியின் கண்ணால் நன்றாகவே தேடினேன். ஒன்றும் அகப்படவில்லை. அதுவும் எரிச்சலாகத்தான் இருந்தது.